கன்னத்தைக் கடிச்சுக்கிட்ட மாப்ளைக்கு

என்ன மாப்ள, சாம்பார் சோத்தோட சொந்தக் கன்னத்தையும் சேத்து மென்னுட்டியாமே? சைவப் பந்தியில கறிக்கு ஆசப்பட்டா இப்படித்தான். உங்க அம்மா வேற, புள்ளைய யாரோ திட்டுறாங்கன்னு பொலம்புறா. திட்டுறவன் திட்டிட்டுப் போறான், கடிச்சது ஒன் பல்லுல்ல?

முழுத் தப்பும் ஒன்மேல இல்ல. நம்ம சீர்காழிப் பக்கம் கல்யாணப் பந்தின்னா ரசம் ஊத்தும்போதே அடுத்த பந்திக்காரன் ஒன் நாற்காலியப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அவன் மூச்சு பிடரியில பட, நீ வாய் கொள்ளாம அப்புவ. அந்த நேரம் பாத்து பக்கத்து எலைக்காரரு, "மேட்டூர் தொறந்துட்டானா?"ம்பாரு. நீயும் அப்பளத்தை மென்னுக்கிட்டே நெலவரம் சொல்லுவ. கன்னமும் நாக்கும் சோத்தைப் பல்லுக்கு நடுவுல தள்ளிவிட்டு, பல்லு எறங்குறதுக்குள்ள வெலகிக்கணும். பேச்சும் நடுவுல பூந்தா வெலக நேரம் ஏது? மேட்டூர் அணை தொறக்க வேண்டிய நாள் ஜூன் 12. முழுங்கிட்டுச் சொன்னாலும் அது ஜூன் 12-தான், மாப்ள.

இனிமேதான் சங்கதியே. கடிச்ச எடம் வீங்கிப் பல்லுக்கு நடுவுல துருத்திக்கிட்டு நிக்கும். மாடு ஒருக்கா எறங்குன வாய்க்கா கரையிலதான் மறுக்காவும் எறங்கும். அதனால நாலு நாளைக்கு மறுபக்கம் மெல்லு. சின்னச் சின்னக் கவளமா தயிர் சோறு தின்னு. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்புளி. ஊறுகாயை ஒறமொறைக்காரன் மாதிரி தூர நின்னு நலம் விசாரிச்சுக்க.

அப்படியும் அதே எடத்துல அடிக்கடி கடிபட்டா, ஞானப்பல்லைச் சந்தேகப்படு. சம்பந்தருக்கு மூணு வயசுல ஞானப்பால் கெடைச்ச ஊரு இது. நமக்கெல்லாம் பதினேழு, பதினெட்டுக்கு மேல ஞானப்பல்லுதான் கெடைக்குது. அதுவும் கன்னத்துப் பக்கம் சாஞ்சு மொளைச்சா, நீ மௌன விரதம் இருந்து தின்னாலும் கடிக்கும். ஒடஞ்ச பல்லோட கூர் முனையும், ஒங்க தாத்தா கழட்டிக் கழட்டி மாட்டுற தொளதொள பல்செட்டும் இதே வேலையத்தான் பாக்கும். பல்லு புடுங்க மரமரப்பு ஊசி போட்டுக்கிட்டவன், மரமரப்பு போறதுக்குள்ள பசிக்குதுன்னு தின்னா, ரத்தம் வந்தாத்தான் அவனுக்கே தெரியும்.

சாதாரணக் கடின்னா ஒரு வாரம், பத்து நாள்ல ஆறிடும். ரெண்டு வாரம் தாண்டியும் புண்ணு ஆறலேன்னாலோ, வெள்ளையா செவப்பா தடிச்சு நின்னாலோ, என்கிட்ட வைத்தியம் கேக்காத. கொள்ளிடம் பாலம் தாண்டுனா சிதம்பரம், அங்க பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு. ஆனா வெத்திலைக்குள்ள பொகையிலைய வச்சு அதே கன்னத்துல அடக்கிக்கிட்டுப் போய் நிக்காத. டாக்டரு மொதல்ல அதைத்தான் துப்பச் சொல்லுவாரு, மாப்ள.