வங்கிக்குப் பொய் சொல்லும், மருமோன்

வாரும் மருமோன், இரும். கதிரையை இஞ்சாலை இழுத்துப் போடும், அங்கை வெயில் படுது. கனடாவுக்குச் சுப்பர் விசா வந்திட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். நீர் சொல்லயில்லை. கரம்பொனில ஒருத்தனுக்கு விசா வந்தால் அது முதலில கோயில் வாசலுக்குத் தெரியும், பிறகு மீன் சந்தைக்குத் தெரியும், கடைசியாத்தான் விசா எடுத்தவனுக்குத் தெரியும். 2022 க்குப் பிறகு ஒருக்காப் போனால் ஐஞ்சு வரியம் வரைக்கும் நிக்கலாமாமே. நல்லது. போய்ப் பேரனைத் தூக்கும், வாசலில பனி வழியும்.

ஒண்டு கேக்கிறன். மிளகாய்த்தூளுக்கு மூண்டு பை சுத்திக் கட்டினீர். ஒடியலுக்கு ரெண்டு. கருவாட்டுக்கு எத்தினை எண்டு அயலுக்கே மணக்குது. வங்கிக்கு என்ன கட்டினீர்?

“கார்ட் இருக்கு மாமா. ஏதும் எண்டால் அதின்ட முதுகில கிடக்கிற இலக்கத்துக்கு அடிப்பன்” எண்டுறீர். கெட்டிக்காரன். கார்ட் துலைஞ்சால் முதுகு மாத்திரம் உம்மட பொக்கற்றில இருக்குமோ? அந்த இலக்கத்தை ஒரு கடதாசியில எழுதி மருமோளின்ட கைப்பையில வையும். கைபோனில எழுதி வைச்சால் போனும் கார்ட்டும் ஒரே பொக்கற்றில இருந்து ஒரே கள்ளனோடை போம்.

எனக்குக் கனடா தெரியாது. நான் யாழ்ப்பாணத்துக்குப் போற பண்ணைப் பாலம் தாண்டிறதே பல்லுக் கழட்டத்தான். ஆனால் போய்வந்தவையின்ட கதையெல்லாம் இந்த விறாந்தையிலதான் வந்து இறங்கிறது, அதால சொல்லுறன்.

உம்மட வங்கிப் புத்தகத்தில தலைமைக் கந்தோரின்ட இலக்கம் 011 எண்டு தொடங்குதோ? அது கொழும்பு. கனடாவில அதே 011 தான் வெளிநாட்டுக்கு அடிக்கிற வாசல் இலக்கம். நீர் ரொறன்ரோவில சோபாவில இருந்துகொண்டு, புத்தகத்தில கிடக்கிறபடியே 011 அமத்தி, பிறகு 244 எண்டு தொடங்கிற கொழும்பு இலக்கத்தை அமத்தினால், அந்த மெசினுக்கு என்ன விளங்கும்? ஐயா அங்கோலாவோடை கதைக்கப்போறார் எண்டு விளங்கும். 244 அங்கோலாவின்ட நாட்டு இலக்கம். 234 எண்டால் நைஜீரியா. 248 எண்டால் சீசெல்ஸ். பென்சன் காசு வந்ததோ எண்டு கேக்க வெளிக்கிட்டு ஆபிரிக்காவைச் சுத்திப்போட்டு வருவீர்.

சரியா அடிக்கிறதெண்டால் 011, பிறகு எங்கட நாட்டுக்கு 94, பிறகு கொழும்பின்ட முன் சைபரை வெட்டிப்போட்டு 11, பிறகு மிச்சம். ஊர்காவற்றுறைக் கிளையெண்டால் 021 இல சைபரை வெட்டி 21. மகளைப் பார்க்க லண்டன் போனால் முன்னுக்கு 011 இல்லை, 00. இந்தக் கணக்கொண்டும் வேண்டாமெண்டால் கைபோனில சைபரை நீளமா அமத்திப் பிடியும், பிளஸ் குறி வரும். அதுக்குப் பிறகு 94 எண்டு தொடங்கினால் எந்த நாட்டிலையும் வேலை செய்யும். இதை ஏன் முதலே சொல்லயில்லை எண்டு பார்க்கிறீர். முதலே சொன்னால் உமக்கு அங்கோலாவை ஆர் காட்டுறது?

விளம்பரத்தில பெரிசாப் போடுற நாலு இலக்க நம்பரை நம்பாதையும். அந்தச் சின்ன இலக்கம் நாட்டுக்குள்ள மாத்திரம் ஓடும். வட்ஸ்அப்பில தேடவும் வேண்டாம். அங்கை வங்கியின்ட சின்னத்தைப் போட்டுக்கொண்டு, வங்கியை விட அன்பாக் கதைக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். உண்மையான வங்கி உம்மை ஒருநாளும் அவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டதில்லை எண்டதை நினைவில வைச்சிரும்.

பேந்து நேரம். பனிக்காலத்தில எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் பத்தரை மணித்தியாலம், கோடையில ஒன்பதரை. எங்கட கிளை காலமை ஒன்பதுக்குத் திறக்கேக்கை, பனிக்காலமெண்டால், உமக்கு அங்கை முதல்நாள் இரவு பத்தரை. பின்னேரம் மூண்டுக்குக் கதவு சாத்தேக்கை உமக்கு விடியப்பறம் நாலரை. அதாவது உம்மட வங்கி நீர் குறட்டை விடுற நேரத்திலதான் திறந்திருக்கும். பங்குனியில ரெண்டாம் ஞாயிறும் கார்த்திகையில முதலாம் ஞாயிறும் அவை மணிக்கூட்டை மாத்துவினம். நான் சொல்லுறது இங்கிலிஸ் மாதக் கணக்கு, பஞ்சாங்கத்தைப் புரட்டாதையும். சிரிக்கவும் வேண்டாம், நாங்களும் அதுக்குக் குறைஞ்ச ஆக்களில்லை. 1996 மே மாதம் எங்கட அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, ஒக்ரோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது, 2006 சித்திரையிலதான் கொண்டுவந்து பழைய இடத்தில விட்டது. அந்தப் பத்து வரியமும் ஆரும் நேரம் கேட்டால் “பழசோ புதுசோ” எண்டு திருப்பிக் கேட்ட சனம் நாங்கள். ஆனபடியா உமக்கு இந்தக் கணக்குப் பிடிபடும்.

அதோடை போயா. பறுவத்துக்குப் பறுவம் வங்கி பூட்டு. ரொறன்ரோ யன்னலால நிலவு வட்டமாத் தெரிஞ்சால் கிளைக்கு அடிக்க முதல் கலண்டரைப் பாரும். கார்ட் களவு போனால் மறிக்கச் சொல்லுற இலக்கம் மாத்திரம் இரவு பகலா முழிச்சிருக்கும். கடதாசியில முதல் வரியா அதைத்தான் எழுதவேணும்.

போன திருவிழாவுக்கு ரொறன்ரோவில இருந்து வந்தானே ஒரு பெடியன், பேர் சொல்லமாட்டன், உமக்கு ஆரெண்டு தெரியும். அவன் ஒரு ஏ.ரி.எம். மெசினுக்குள்ள கனடாக் கார்ட்டை விட்டான். மெசின் கார்ட்டை விழுங்கிப்போட்டு “நன்றி” எண்டு எழுத்துக் காட்டினது. அவனுக்கு ஞாபகம் இருந்தது 1-800 இலக்கம் ஒண்டுதான். இலவச இலக்கமாம். இலவசம் எல்லாம் அந்த நாட்டுக்குள்ளதான், இஞ்சை அது உயிர் பிடிக்கயில்லை. பிறகு மனிசி ஸ்காபரோவில இருந்து வெளிநாட்டில நிண்டு அடிக்கிற வேறை இலக்கத்தை அனுப்பினா. சிக்னலும் இல்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில, கடற்கோட்டையைப் பார்த்தபடி, போனைத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு, லவுட்ஸ்பீக்கரில போட்டுக் கதைச்சான். நான் பாணுக்குப் போனனான், பாண் கிடக்கட்டும் எண்டு நிண்டிட்டன்.

அங்காலை இருந்த பிள்ளை கேக்குது, “உங்கட அம்மாவின்ட கலியாணத்துக்கு முந்தின குடும்பப் பேர் என்ன?” எங்களிட்டை எங்கை மருமோன் குடும்பப் பேர்? கலியாணத்துக்கு முதல் தேப்பன்ர பேர், பிறகு புருசன்ர பேர். அவன் அம்மப்பாவின்ட பேரைக் கத்தினான். முதல் படிச்ச பள்ளிக்கூடம்? கத்தினான். முதன்முதல் வளர்த்த நாயின்ட பேர்? “வீமன்!” எண்டு கத்தினான். அதுக்கு மீன் வெட்டுற மனிசி கத்தியைக் கீழ வைச்சிட்டு, “டேய், வீமன் ரெண்டாவதடா, முதல் நாய் மணியெல்லோ, என்ர சேவலைப் பிடிச்ச நாய்” எண்டுது. ஓட்டோக்காரன், “மணிதான், மணிதான்” எண்டான். அங்காலை பிள்ளை, “ஐயா, உங்களுக்குப் பக்கத்தில நிண்டு விடை சொல்லித்தாறது ஆர்?” எண்டு கேட்டுது. அதோடை கணக்கைப் பூட்டிப்போட்டினம்.

எங்கட ஊரில 1913 இல பிறந்த தனிநாயகம் அடிகள் ரோமாபுரியில படிச்சு, உலகமெல்லாம் சுத்தி, 1966 இல கோலாலம்பூரில முதலாவது உலகத் தமிழ் மாநாட்டையும் நடத்திவைச்சவர். அவரிட்டை ஆரும் நாயின்ட பேர் கேட்டிருக்கமாட்டினம்.

விசயம் என்னெண்டால், கனடாவில இரகசியம் எண்டு பூட்டி வைக்கிற சாமானெல்லாம் கரம்பொனில பொதுச்சொத்து. உம்மட தாயின்ட தேப்பன் ஆர், நீர் முதல் படிச்சது எங்கை, பிறந்தது எந்த ஆஸ்பத்திரி எண்டு இந்த ஊரில தெரியாதவன் ஆர்? உம்மட கணக்கை உடைக்கக் கொம்பியூட்டர் படிக்கத் தேவையில்லை, உம்மட சின்னம்மாவோடை ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிச்சால் காணும். அதால இப்பிடியான கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் பொய் எழுதும். முதல் படிச்ச பள்ளிக்கூடம் மொஸ்கோ எண்டு எழுதும். முதல் நாய்க்குக் கத்தரிக்காய் எண்டு பேர் வையும். வங்கி சரிபார்க்க வீட்டுக்கு வராது. ஆனால் ஒரே பொய்யைத்தான் எப்பவும் சொல்லவேணும், அது உமக்கு ஏலும். கலியாணம் பேசேக்கை வயசில ரெண்டைக் குறைச்சீர், இண்டைக்கும் அந்த ரெண்டைக் கூட்டாமல் கொண்டுபோறீர். அந்த ஒழுக்கம் இதுக்குக் காணும்.

எங்கட வங்கிகளுக்குக் கதைச்சால் அடையாள அட்டை இலக்கம் கேப்பினம். அதில பொய் எடுபடாது. மருமோளின்ட கணக்குக்கு நீர் குரலை மெல்லிசாக்கிக் கதைக்கலாம் எண்டும், உம்மட கணக்குக்கு மருமோளை விடலாம் எண்டும் யோசியாதையும். பழைய அட்டையில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வரியம், அடுத்த மூண்டும் அந்த வரியத்தில எத்தினையாம் நாள் எண்டது. பொம்பிளையெண்டால் அதில 500 ஐக் கூட்டிப் போடுவினம். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்தவன் 032, அதே நாள் பிறந்தவள் 532. இலக்கத்தைச் சொன்ன உடனையே மீசை இருக்கோ இல்லையோ எண்டு அங்காலை தெரிஞ்சுபோம். 2016 க்குப் பிறகு வந்த புது அட்டையில 12 இலக்கம், கடைசி வி எழுத்தும் இல்லை. உம்மட வங்கிப் பதிவில எது கிடக்கெண்டு இஞ்சை நிக்கேக்கையே பார்த்திட்டுப் போம்.

இனித்தான் பெரிய கதை. மலாயாவில உழைச்சு ஊருக்கு வந்த பென்சன்காரரை வங்கி முகத்தைப் பார்த்து நம்பின காலம் போட்டுது மருமோன். இப்ப வங்கி உம்மை நம்பிறதில்லை, உம்மட சிம்மைத்தான் நம்புது. நீர் ரொறன்ரோவில நிண்டு என்ன செய்யக் கேட்டாலும், அது ஒருக்கா மாத்திரம் பாவிக்கிற ஓ.ரி.பி. இலக்கத்தை, வங்கியில பதிஞ்சு வைச்ச உம்மட இலங்கைப் போனுக்குத்தான் அனுப்பும். அந்தச் சிம் இஞ்சை லாச்சிக்குள்ள கிடந்தால், உம்மட காசும் லாச்சிக்குள்ளதான். போறதுக்கு முதல் ரோமிங் போடச் சொல்லும். அங்கை போய் இறங்கிப்போட்டு, ரோமிங் போட்டுத்தாங்கோ எண்டு கேட்டால், அதுக்கும் இலங்கை இலக்கத்தில இருந்துதான் எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்கள். சிம்முக்குக் காசும் போட்டுக்கொண்டிரும். கனகாலம் போடாமல் விட்டால் இலக்கம் செத்துப்போம். செத்ததை எடுத்து வேறை ஆருக்கும் குடுத்தாங்களெண்டால் உம்மட ஓ.ரி.பி. முன்பின் தெரியாத ஒருத்தன்ர பொக்கற்றில போய்க் கிணுகிணுக்கும்.

என்ன சொன்னீர்? சிம்மைத் தம்பியிட்டைக் குடுத்திட்டுப் போறீரோ? இலக்கம் வந்தால் வாசிச்சுச் சொல்லுவானாமோ? கதியாலைத் தள்ளிப் போட்டான் எண்டு போன மாரியில பொலிசுக்குப் போனீரே, அந்தத் தம்பியிட்டையோ? எல்லை வேலிக்கு நம்பாதவனிட்டை முழு வீட்டுத் திறப்பையும் குடுக்கிறீர். பெருந்தன்மைதான்.

ஆரும் உமக்கு எடுத்து, “வங்கியில இருந்து கதைக்கிறம், இப்ப வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ” எண்டால் போனை வையும். மரியாதை பாராதையும், சுகம் விசாரியாதையும், மழையோ எண்டு கேக்காதையும். வைச்சிட்டு, கடதாசியில எழுதின இலக்கத்துக்கு நீர் எடும். பின் இலக்கமும் ஓ.ரி.பி.யும் வங்கிக்காரன் ஒருநாளும் கேக்கமாட்டான், கேக்கிறவன் வங்கிக்காரனில்லை. நாளைக்குக் கிளைக்குப் போய், இன்ன திகதியில இருந்து கனடாவில நிப்பன் எண்டும் சொல்லிவையும். சொல்லாமல் போய் ஸ்காபரோக் கடையில கார்ட்டை நீட்டினால், கரம்பொன் மனிசனின்ட கார்ட்டுக்கு அங்கை என்ன வேலை எண்டு மறிச்சுப்போடுவாங்கள். அதில அவங்களைப் பிழை சொல்லேலாது, எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு.

பென்சனுக்கு ரெலிபோன் உதவாது. வரியத்துக்கு ஒருக்கா உயிரோடை இருக்கிறதுக்கு அத்தாட்சி வேணும். “நான்தான் கதைக்கிறன், உயிரோடை இருக்கிறன்” எண்டு போனில சொன்னால் பென்சன் கந்தோர் நம்பாது. என்ன மாதிரி எண்டு பிரதேச செயலகத்தில இப்பவே கேட்டு வையும். ரொறன்ரோவில இலங்கைத் துணைத்தூதரகம் இருக்கு, அங்கை போய் நேர நிண்டு மூச்சு விட்டுக் காட்டவேண்டி வரும்.

இன்னொண்டு, மெல்லமாச் சொல்லுறன். மருமோளுக்குத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில ஒரு சின்னக் கணக்கு வைச்சிருக்கிறீரே. முழியாதையும். பத்து வரியம் கை படாமல் கிடந்தால் அந்தக் காசு மத்திய வங்கிக்குப் போம், பிறகு நீர்தான் ஆளெண்டு காட்டி எடுக்க அலையவேணும். போறதுக்கு முதல் ஒரு நூறு ரூபாயெண்டாலும் போட்டு எடும். புத்தகத்தைத் தேடி அலுமாரியைக் கிளறாதையும், மருமோளிட்டைக் கேளும். அவதான் போன கிழமை கொண்டுவந்து காட்டி, இதில எவ்வளவு கிடக்கு மாமா எண்டு என்னட்டைக் கேட்டவ.