பதினோராவது பொருத்தம்

திருச்சி உறையூரில் இருக்கும் நம்மவருக்கு வயது ஐம்பத்தேழு. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மகளுக்குத்தான் இன்னும் வரன் அமையவில்லை. மகள் பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கிறாள், இருபத்தெட்டு நடக்கிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அவரிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: "சுகர் எவ்வளவு இருக்கு?", "பொண்ணுக்கு எப்போ?" முதல் கேள்விக்காவது அவரிடம் லேப் ரிப்போர்ட் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் பெண்களின் கல்யாண வயது தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நம்மவரின் பாட்டிக்குக் கல்யாணம் நடந்தது 1930 மார்ச்சில். பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வரம்பு கட்டிய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் அல்லவா? அதற்குள் முடித்துவிடலாம் என்று நாட்டின் பல பகுதிகளில் அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். அந்த அவசரத்தில் பாட்டி கழுத்திலும் ஒன்று ஏறியது. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. பிறகு அம்மாவுக்குப் பதினெட்டில் நடந்தது, மனைவிக்கு இருபத்திரண்டில் நடந்தது. 1978இல் சட்டமே பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்த்திவிட்டது. பெண்ணுக்கும் 21 ஆக்கலாம் என்று 2021 டிசம்பரில் வந்த மசோதா, 2024இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. அது நிறைவேறியிருந்தாலும் நம்மவர் வீட்டில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். இருபத்தோரு வயதில் மகள் கல்லூரி ப்ராஜெக்ட்டை முடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் வரன் தேடத் தரகர் வருவார். கக்கத்தில் மஞ்சள் பை, பைக்குள் ஜாதக நகல்கள், வாயில் "பையன் தங்கமானவன்" என்ற ஒரே சான்றிதழ். இப்போது அவர் இடத்தில் மேட்ரிமோனி தளம் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. பாரத்மேட்ரிமோனியைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன் சென்னைக்காரர். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் வரன் பகுதிக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து அதையே தொழிலாக்கினார். தன் மனைவியையும் தன் தளத்தின் வழியாகவே கண்டுபிடித்தார். இதை நம்மவர் வீட்டில் எடுத்துச் சொன்னபோது மனைவி கேட்டார்: "அப்போ நாமளும் சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சாத்தான் மாப்பிள்ளை கிடைப்பாராங்க?"

தளத்தில் மகள் பெயரில் நுழைவது அப்பா. விருப்பம் தெரிவிப்பது அப்பா. எதிர்ப்பக்கம் பையன் பெயரில் உட்கார்ந்திருப்பதும் ஓர் அப்பாதான், இல்லையென்றால் அம்மா. ஆக, இரவு பத்து மணிக்கு "ஹாய், உங்கள் ப்ரொஃபைல் பிடித்திருக்கிறது" என்று ஐம்பத்தேழு வயதுக்காரர் ஒருவர் அனுப்ப, "நன்றி, ஜாதகம் அனுப்பவும்" என்று அறுபது வயதுக்காரர் ஒருவர் பதில் போடுகிறார். கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய இருவரும் பெங்களூருவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஜாதகம் வந்ததும் பொருத்தம். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்து. மற்றவை முன்னே பின்னே இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜோசியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார். கண்ணாடி கழன்றால் வரன் கழன்றது என்று அர்த்தம். இப்போது இந்த வேலையைக் கணினி நொடியில் செய்துவிடுகிறது. கழற்றக் கண்ணாடி இல்லாததுதான் குறை. பத்தும் முடிந்த பிறகு பத்தில் சேராத பட்டியல் ஒன்று வரும். பேக்கேஜ் எவ்வளவு, ஆன்சைட் வாய்ப்பு உண்டா, சொந்த வீடா, வீட்டுக்கு லோனா, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா.

நம்மவர் பெண் பார்க்கப் போனது 1994இல், பேராவூரணிக்கு. கேசரி, பஜ்ஜி, காபி, கூடம் நிறைய ஜனம். "பொண்ணுகிட்ட ஏதாச்சும் பேசணும்னா பேசுங்க தம்பி" என்று யாரோ ஒரு பெரியவர் தாராளம் காட்டினார். நம்மவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார். அத்தனை பேரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவள் கேட்பதற்கென்றே உட்காருகிறாள்.

போன மாதம் ஒரு வரன் அந்தக் கட்டம் வரை வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம், ரஜ்ஜு சுத்தம், பையனும் பெங்களூருவே. வீடியோ காலில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். தண்ணீர் எடுக்க எழுந்தபோது கீழே அரை டிராயர் என்பது தெரிந்தது. மகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது வேறு.

"வீட்ல சமையல் யாரு?"

"அம்மா வந்து இருக்காங்க."

"அம்மா ஊருக்குப் போனா?"

"ஆர்டர் பண்ணிக்குவேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பதில் இருந்தது. "நல்ல பையன்தான்ப்பா, ஆனா வேண்டாம்" என்று மகள் முடித்துவிட்டாள். மறுநாள் பையனின் அம்மா போன் செய்து, "எட்டுப் பொருத்தம் இருக்கே அண்ணே, எதுல குறைஞ்சோம்?" என்று கேட்டார். சாம்பாரில் என்று சொல்ல நம்மவருக்கு வாய் வரவில்லை. பெண்ணுக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லை என்று வழக்கமான பொய்யைச் சொல்லி வைத்தார்.

மகள் அதோடு விடவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின் கணக்கை அப்பாவுக்கு அனுப்பிவைத்தாள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில், ஒரு பெண் அதற்குச் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறாள்; ஓர் ஆண் 97 நிமிடம். நம்மவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மிக்ஸியை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: "தொண்ணூத்தேழு நிமிஷமா? எந்த ஊரு ஆம்பளைங்க அவங்க?"

கல்யாணம் எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் மகளுக்குத் தெளிவு இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு போதும் என்கிறாள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அது. புரோகிதர் தேவையில்லை. உற்றார் உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் செல்லும், மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். ஊரறியச் சடங்கோ அறிவிப்போ கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. பிறகு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்தால் வேலை முடிந்தது. இவ்வளவையும் மகள் தன் எண்பது வயது அப்பத்தாவிடம் பொறுமையாக விளக்கினாள். அப்பத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடி கண்ணு, பந்தி எங்க போடுவ?" என்றார்.

நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு ஜோடி, மெய்நிகர் உலகமான மெட்டாவெர்ஸில் திருமண வரவேற்பு வைத்தது. பெண்ணின் மறைந்துபோன தகப்பனார் உருவம்கூட அங்கே வந்து ஆசி கொடுத்தது. நம்மவர் அந்தச் செய்தியைப் படித்து நெகிழ்ந்துபோய் அம்மாவுக்கும் படித்துக் காட்டினார். அம்மாவுக்கும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்ட பிறகு, "போனவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

நம்மவரின் கவலை பந்தியைவிடப் பந்திக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. அங்கேதான் மொய் எழுதுவார்கள். முப்பது வருஷமாக ஊரெல்லாம் அவர் எழுதிய மொய்க்கெல்லாம் நீள நோட்டு ஒன்றில் கணக்கு உண்டு. 51இல் தொடங்கி 101, 501, 1,001 என்று காலத்துக்கேற்ப ஏறிய கணக்கு. வாசலில் மாலை மாற்றிக்கொண்டு மகள் வண்டி ஏறிவிட்டால் அந்த நோட்டை என்ன செய்வது? ஊரைக் கூட்டாமல் வசூலிக்கவும் இப்போது வழி வந்துவிட்டது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பே, போன்பே கியூஆர் கோடு அச்சிட்டிருந்தது நாடெங்கும் செய்தியானது. ஆனால் அப்படி அச்சிடும் துணிச்சல் நம்மவருக்கு இல்லை.

துணிச்சலுக்கு மனைவியின் ஊர்ப்பக்கம் இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து களைகட்டும். வீட்டில் கல்யாணமும் வேண்டாம், காதுகுத்தும் வேண்டாம். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவதற்காகவே நடக்கும் விருந்து. வந்த பணத்தில் கடனை அடைப்பார்கள், கிணறு வெட்டுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். வாங்கியதை முறை வைத்துத் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்பதுதான் விதி. இதை மகளுக்கு விளக்கியது நம்மவரின் மனைவி. மகள் துள்ளி எழுந்து அப்பாவிடம் கேட்டாள்: "அப்போ வசூலுக்குக் கல்யாணமே தேவையில்லையாப்பா? நாளைக்கே ஒரு விருந்து வைங்க, என்னை விடுங்க!"

சொந்தபந்தத்தின் பெரும்பகுதி இப்போது வாட்ஸ்அப் குழுவுக்குள் இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் கருஞ்சீரக மருத்துவம், சாயங்காலம் அரசியல், ராத்திரி சண்டை. அந்தக் காலத்தில் சித்தப்பா கோபித்துக்கொண்டால் பந்தலே நடுங்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போவார். நாலு பேர் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார்கள். அவரும் பிடிபடுவதற்குத் தோதாக மெதுவாகத்தான் நடப்பார். 2022இல் அந்தக் கலைக்கு வாட்ஸ்அப் ஒரு முடிவு கட்டியது. குழுவிலிருந்து ஒருவர் வெளியேறினால் இனி அட்மினுக்கு மட்டும்தான் தகவல் வரும் என்று மாற்றிவிட்டார்கள். போன பொங்கலுக்குச் சித்தப்பா கோபித்துக்கொண்டு வெளியேறியது சித்திரையில்தான் குழுவுக்குத் தெரிந்தது. அட்மினான நம்மவர் தகவலைக் கவனிக்கவில்லை. கூப்பிட ஆள் வராத கோபம் சித்தப்பாவுக்கு இப்போது தனிக் கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் நாட்டின் கவலையையும் நம்மவர் சுமக்க வேண்டியிருக்கிறது. அவர் வளர்ந்த காலத்தில் சிவப்பு முக்கோணம் வரையாத சுவரில்லை. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்றார்கள். அவர் அதையும் தாண்டி ஒன்றோடு நிறுத்தி, நல்ல குடிமகன் என்ற திருப்தியோடு இருந்தார். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் குழந்தைப்பேறு விகிதம் 1.8, மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் நமக்கு நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்ற பேச்சு சூடுபிடித்த நேரத்தில், 2024 அக்டோபரில் சென்னையில் 31 ஜோடிகளுக்குத் திருமணம் நடத்திவைத்த முதல்வர் மு.க. ஸ்டாலின், பதினாறு செல்வங்களுக்குப் பதில் பதினாறு பிள்ளைகளையே பெற்றுக்கொண்டால் என்ன என்று நினைக்கும் நிலை வந்திருக்கிறது என்ற பொருளில் பேசினார். நம்மவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். பதினாறுக்கு முதலில் ஒன்று ஆக வேண்டும். ஒன்றுக்கு மாப்பிள்ளை ஆக வேண்டும். மாப்பிள்ளைக்குச் சாம்பார் வைக்கத் தெரிய வேண்டும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் பலம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

மகள் அனுப்பிய அந்த 97 நிமிடக் கணக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரசம் நம்மவர் பொறுப்பு. புளியை ஊறவைப்பதும் கரைப்பதும் அவரே. உப்புக்கும் பெருங்காயத்துக்கும் அடுப்படி வாசலில் நின்றபடி மேற்பார்வை உண்டு. ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்பது அவருக்கு ஐம்பத்தேழாவது வயதில்தான் தெரியவந்தது. கறிவேப்பிலை எங்கே இருக்கிறது என்று கேட்பதை இன்னும் நிறுத்த முடியவில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும், "இந்தக் கண்றாவியெல்லாம் பாக்கணும்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடிக்கிறார்.

கடைசியாக, பையனுக்குப் பெண் தேடும் பெற்றோருக்கு நம்மவர் சார்பில் ஒரு வேண்டுகோள். ஜாதகம் அனுப்புங்கள், சம்பளச் சீட்டு அனுப்புங்கள், கோவாவில் எடுத்த படமும் அனுப்புங்கள், தடையில்லை. சம்பளத்துக்கு அடுத்த வரியில், பையனுக்குச் சொந்தமாக என்னென்ன சமைக்க வரும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். சாதம், சாம்பார், ஒரு பொரியல் போதும். முட்டை அவிப்பதும் நூடுல்ஸ் கிண்டுவதும் கணக்கில் வராது.