ஒட்டகம் இல்லாத ஏரி

ராஜஸ்தான் டூர் போய்த் திரும்பியவர்களை ஆறு மாதத்துக்கு வேறெங்கும் கூட்டிப்போகக் கூடாது என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் புண்ணியமாய்ப் போகும். என் மாமனார் ஜெய்சால்மர் போய்வந்த சூட்டோடு எங்களுடன் பழவேற்காட்டுக்குக் கிளம்பினார். பொன்னேரி தாண்டுவதற்குள் ஜெய்சால்மர் பக்கத்துப் பாலைவன தேசியப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர் என்பது டிரைவருக்கே மனப்பாடமாகிவிட்டது. அவ்வளவு பெரிய பூங்காவில், அது எந்தப் பறவைக்குப் பேர்போனதோ அந்தக் கானமயில் ஒன்றுகூட மாமா கண்ணில் படவில்லை. ஒட்டகத்தைப் பார்த்தார். ஏறினார். இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இடுப்புவலியும் சேர்ந்துதான் காரில் வந்தது.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான் மாமா என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி ஜாஸ்தி" என்றார்.

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியை 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாங்கள் போனது ஜனவரி, பூநாரை சீசன். கரையில் நின்று பார்த்தால் அடிவானத்தை ஒட்டி வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதுதான் பூநாரை என்றார்கள். நம்பினோம். பைனாகுலரில் பார்த்த பிறகுதான் கோட்டுக்குக் கால் முளைத்தது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டு, தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை அது. தின்பதிலுள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறதாம். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் வெள்ளைதான்.

"அப்ப தினம் கேரட் சாப்பிட்டா எனக்கும் கலர் வருமா?" என்றார் மாமா.

"உங்களுக்கு எதுவும் ஒட்டாது" என்றார் அத்தை, பைனாகுலரை இறக்காமலே.

இந்தியாவில் இந்தப் பறவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் என்று நான் சொன்னதும்தான் மாமாவுக்கு ஏரியின் மேல் லேசாக மரியாதை பிறந்தது. "பாத்தியா, பாலைவனத்துப் பறவை! அதான் இவ்ளோ பொறுமை!" அதற்குமேல் அந்தக் கோட்டை அவர் சொந்தக்காரர் போலப் பார்க்க ஆரம்பித்தார்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி, "போட்டிங் உண்டா?" 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கரையிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம், கண்ணுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையைப் பார்க்கப் போனோம். புதரைப் பார்த்தோம். சோழமண்டலக் கரை முழுக்க நடந்த டச்சு வியாபாரத்துக்கு 1690 வரை இதுதான் தலைமையிடம். துணியும் போனது, இங்கிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். இப்போது அகழியும் முள்ளும் மிச்சம். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் ஒழுங்காக இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. "ஜெய்சால்மர் கோட்டைக்குள்ள இன்னும் ஜனங்க குடியிருக்காங்க" என்று மாமா அந்த எலும்புக்கூட்டிடமே குத்திக்காட்டினார்.

அத்தைக்கு இவை எதிலும் நாட்டமில்லை. அவர் வந்தது நண்டுக்கு. பேரம் பேசிய அரைமணி நேரத்தில் மாமாவும் நானும் கோட்டைக்குப்பத்தில் வேப்பமரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கையிலிருந்த பிளாஸ்டிக் ஊசியை அவர் கண்ணிக்குள் விட்டு எடுக்கிற வேகத்தில் எனக்கு முடிச்சு தெரியவில்லை, முடிந்தது மட்டும்தான் தெரிந்தது.

"இன்னிக்கு நீங்க போகலையாண்ணே?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல சார்."

பாடு என்றால் முறை. முகத்துவாரத்துப் பக்கம் ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறாலும் கூடவே இறங்கும். கம்பு நட்டு வலை கட்ட வாகான இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் விழுந்தால் ஒருத்தருக்கும் உருப்படியாக எதுவும் மிஞ்சாது. அதனால் எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊரில் எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்று பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கி, சுற்றுமுறையில் போகிறார்கள். அரசு உத்தரவோ, ஆப்போ, ஓடிபியோ கிடையாது. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

மாமா ஓய்வுபெற்ற ஆடிட்டர். சட்டத்தில் ஓட்டை தேடாமல் அவரால் தூங்க முடியாது.

"யாராச்சும் முறை மீறி வலை கட்டிட்டா?"

"கட்டமாட்டாங்க சார்."

"கட்டினா?"

"பஞ்சாயத்துல அபராதம் போடுவாங்க."

"அபராதம் கட்டலேன்னா?"

முதல்முறையாக வலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சார் எந்த ஊரு?"

மாமா அடங்கிவிட்டார். ராஜஸ்தானாலும் செய்ய முடியாத காரியம் அது. மாமாவின் ஜெய்சால்மர் புராணத்தைக் கேட்டிருந்த வலைக்காரரே கொஞ்சம் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "பாலைவனம்தான் பாக்கணும்னா கோடையில வாங்க சார். சூலூர்பேட்டையிலேர்ந்து ராக்கெட் விடற எடத்துக்கு ரோடு போவுதுல்ல, அந்தப் பக்கம் ஏரி வத்திப் பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்கும்."

பட்டியலில் பேர் இல்லாதவர்களும் இந்த ஏரியில் உண்டு. திரும்பி வரும் வழியில் இருளர் பெண்கள் சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். இறால் சிக்கியதும் பறிக்குள் போட்டுவிட்டுக் கை மறுபடி சேற்றுக்குப் போய்விடும். அவர்களுக்குப் பாடும் இல்லை, குலுக்கலும் இல்லை. "பல் வலிக்காதா?" என்றார் மாமா. பல்செட் போட்டவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வீடு திரும்பினோம். எங்கள் குடியிருப்பில் வீட்டைவிடக் கார் நிறுத்தும் இடம் குறைவு. அதிலும் வேம்பு நிழல் விழும் இடம் ஒன்றே ஒன்று. அதற்காக நடந்த வாட்ஸ்அப் யுத்தத்தில் மூன்று குடும்பங்கள் தீபாவளிப் பலகாரம் கொடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டன. மறு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மாமா எழுந்து பழவேற்காட்டுப் பாடு முறையை விளக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு வாய் திறந்தார்கள்.

"தலைக்கட்டுன்னா ஓனரா, வாடகைக்கு இருக்கறவங்களா?" வாடகைக்கு இருக்கறவங்களை எப்படிச் சேர்ப்பது என்று சொந்த வீட்டுக்காரர்கள் ஒரே குரலில் கேட்டார்கள். அதுவரை அவர்கள் ஒரே குரலில் பேசி நான் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டு தலைக்கட்டா என்றார் மாடி வீட்டு டாக்டர். என் டர்ன் மழைக்காலத்தில் வந்தால் நிழலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார் செயலாளர்.

கடைசியில் குலுக்கல் என்பதைக் கொள்கையளவில் ஏற்று, சீட்டு டப்பா யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். மாமாதான் தலைவர். அவரிடம் கார் கிடையாது. அந்த ஒரே தகுதியில் போட்டியின்றித் தேர்வானார்.