ஐஸ் அடிக்கப் போற மாப்பிள்ளைக்கு

மாப்ளே, கல்கத்தா பைட்டக்கானாவுல உன் முதலாளி ஆப்செட் மெஷினை டிரை ஐஸ் அடிச்சுச் சுத்தம் பண்ணப் போறாராமே! சிவகாசியில மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்டுமா கெடந்த கைக்கு வந்த வாழ்வைப் பாரு.

ஐஸு அந்த ஊருக்குப் புதுசில்ல. 1833-லயே பாஸ்டன்ல இருந்து ‘டஸ்கனி’ கப்பல் 180 டன் ஏத்திக்கிட்டு நாலு மாசம் மெதந்து வந்துச்சு. வந்து சேந்தது 100 டன் சொச்சம். அது உருகினாத் தண்ணியாச்சும் மிஞ்சும். உன் முதலாளி வாங்குறது கரியமில வாயுவை இறுக்கின கட்டி. பெட்டியைத் தொறக்காட்டியும் ஆவியாப் போயிக்கிட்டே இருக்கும்.

வேலை என்னமோ ஜோருதான், இல்லைங்கல. 3 மில்லிமீட்டர் ஐஸ் மணியை அமுக்கின காத்துல வச்சு, தாளைக் கவ்வுற கிரிப்பர் மேல அடிப்பாங்க. மைனஸ் 78.5 டிகிரி குளிர்ல காஞ்ச மை சுருங்கி வெடிக்கும். பட்ட ஐஸு அங்கனயே 800 மடங்கு கிட்ட விரிஞ்சு, மையைப் பேத்துத் தள்ளும். இரும்புல கீறல் விழாது. ஐஸு மாயமாயிரும். பேந்த மை? உன் காலடியிலதான் கெடக்கும். வெளக்கமாத்தை வித்துப்புடாதே. மெஷின் தொடைக்கிற பெரியவரையும் அனுப்பிராதீங்க. ரப்பர் பிளாங்கெட்டு, ரோலர் எல்லாம் அவரு கைப்பக்குவம். எந்தப் பல்லுச் சந்துல கிரீஸ் ஒளிஞ்சிருக்குன்னு ஐஸுக்கா தெரியும்?

ஐஸ் அடிக்கிற துப்பாக்கியை வாங்கிப்புட்டு, காத்தை அமுக்குற கம்பிரசர் பத்தலைன்னு முதலாளி முழிப்பாரு பாரு. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதை. மழைக்காலத்துல அந்த ஊருக் காத்தைப் பிழிஞ்சா ஒரு கொடம் தண்ணி வரும். சில்லிட்ட இரும்புல முத்து முத்தா வேர்த்துரும். தொடைக்காம விட்டா, மை போன எடத்துல துரு குடிவந்துரும்.

சுத்தம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இந்தியாவுல மொத பத்திரிகையை 1780-ல ஹிக்கி துரை கல்கத்தாவுலதான் போட்டாரு. கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸை வம்புக்கிழுத்தாரு, 1782-ல அச்செழுத்தையே பறிமுதல் பண்ணிட்டாங்க. அதைவிடச் சுத்தமா அச்சாபீஸை எவனும் தொடைச்சதில்ல. சல்லிக்காசு ஐஸ் செலவில்லாம!

இந்த ஒண்ணை மட்டும் வெளையாட்டாக் கேக்காதே. ஐஸுல இருந்து வர்ற கரியமில வாயு காத்தை விடக் கனம், தரையோட தேங்கும். குனிஞ்சு போல்ட்டு தேடுறவனுக்குத்தான் மொதல்ல தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். ஏசி ஓடுதேன்னு நம்பாதே, ஷட்டரை முழுசா ஏத்திவிடு. கைக்கு உறை, காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. எர்த் மாட்டாம அடிச்சேன்னா ஷாக்கு உன்னை முறை சொல்லிக் கூப்பிடும்.

செப்டம்பர்ல விஸ்வகர்மா பூஜை வருது. மெஷின் பளபளக்கணும்னு முதலாளி நாலு நாளு முந்தியே ஐஸை எறக்கிருவாரு. பூஜைக்குன்னு பயலுக மொட்டை மாடியில பட்டம் விடுவானுக, கீழ பெட்டி கனம் கொறஞ்சுக்கிட்டே இருக்கும். வேலை தொடங்குற அன்னிக்குக் காலையில ஐஸு வந்தாப் போதும்னு நீ பதனமாச் சொல்லிப் பாரு. கேக்காட்டி நீயும் மாடி ஏறிரு. மாஞ்சா நூலு கையை அறுக்கும்; வாங்கின உறை அதுக்காச்சும் ஆகட்டும்.