சூடு சொரணை இல்லாத முள்

பெறுநர்:
டாஷ்போர்டு வடிவமைப்புத் துறைத் தலைவர் அவர்கள்
(கம்பெனியின் பெயர் எதற்கு, உங்களுக்கே தெரியும்)

பொருள்: கூலண்ட் வெப்பமானி முள் எந்நேரமும் நடுவில் நிற்பது – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

உங்கள் காரை வாங்கிய நாள் முதல், இன்ஜின் சூடேறிவிட்டால் அந்த முள் நடுக்கோட்டை விட்டு நகராது. வண்டலூர் நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தாலும் நடு. ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரில் முனகினாலும் நடு. இப்படியொரு நிதானம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

விசாரித்தபோதுதான் தொழில் ரகசியம் தெரிந்தது. கூலண்ட் சூடு ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 110 டிகிரி வரை எங்கே அலைந்தாலும் முள் அசையாதபடி, பல கார்களில் மென்பொருளிலேயே கட்டிப் போட்டுவிடுகிறார்களாம். முள் கொஞ்சம் ஏறி இறங்கினால் வாடிக்கையாளர் பதறிப்போய் சர்வீஸ் சென்டர் வாசலில் வந்து நிற்கிறாராம். ஆகவே, "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்று அறிக்கை விடும் அதிகாரி ஒருவரை உள்ளே உட்கார வைத்துவிட்டீர்கள். வெள்ளம் இடுப்புக்கு வந்தாலும் அறிக்கை மாறாது. கழுத்துக்கு வந்ததும் சிவப்பு விளக்கு. சில சின்னக் கார்களில் அந்த முள்ளும் இல்லை. குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு. இடைப்பட்ட சங்கதி ஓட்டுபவனுக்கு எதற்கு?

கத்திரி வெயிலில், உளுந்தூர்பேட்டை தாண்டி, எங்கள் முள் முதன்முறையாக நகர்ந்தது. மேலே அல்ல, கீழே! இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது போல என்று குடும்பமே மகிழ்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி. ஹோஸ் கிளிப் விட்டு, கூலண்ட் முழுக்க ரோட்டில் ஒழுகியிருந்தது. சாலையோர மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், சென்சாரு தண்ணிக்குள்ள முங்கியிருந்தாத்தான் சூடு சொல்லும். தண்ணியே இல்லைன்னா அது காத்தாட நிக்குது, என்னத்தச் சொல்லும்?"

தண்ணி குறைவதைச் சொல்ல ஒரு சின்னச் சாமான் போதும்: கூலண்ட் பாட்டிலுக்குள் ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு பொடி ஸ்விட்ச். மட்டம் இறங்கினால் விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை. நம் காரில் அது இல்லை. சன்ரூஃப் இருக்கிறது.

அந்தச் சூட்டில் இன்ஜினின் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், தளத்தைச் சமன் செய்யும் ஃபேஸிங்குக்கு அனுப்பினோம். "எச்சரிக்கையை மீறி ஓட்டியிருக்கீங்க" என்று சர்வீஸ் அட்வைசர் வாரண்டியை மறுத்தார். எந்த எச்சரிக்கை என்று கேட்டேன். மேனேஜர் லீவில் இருப்பதாகச் சொன்னார்.

இதோடு முடிந்ததா? அடுத்த மாதம் விடிகாலையில், இரவெல்லாம் ஆறிக்கிடந்த வண்டியில் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. உங்கள் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் போட்டது: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட். தெரு முனை மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. விழுப்புரத்தில்! சென்சார் சூடேற ஏற மின்தடை குறையும் சாமான். ஒயர் விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஏறி, பயங்கரக் குளிர் என்று கம்ப்யூட்டர் படித்துவிடும் என்றார். கப்ளரைக் கழற்றினார். பின்னில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து மாட்டினார். விளக்கு அணைந்தது. டீக்கு மட்டும் காசு வாங்கினார்.

சென்சார் பேச்சு நின்றால் எதற்கும் இருக்கட்டுமென்று ஃபேனைச் சுற்றவிடுகிறீர்களே, அது நல்ல யோசனை; மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒயர் விட்டதற்கும் இன்ஜின் வெந்ததற்கும் ஒரே விளக்கா? முதலாவதில் அந்த விளக்கை நம்பினால் ரேடியேட்டருக்குத் தண்டம். இரண்டாவதில் நம்பாவிட்டால் இன்ஜினுக்குத் தண்டம். நடு ரோட்டில் எது எதுவென்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மேனுவலைப் புரட்டினால் "அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்" என்கிறது. அவரைத்தான் அணுகினேன், ஐயா.

கோரிக்கை ஒன்றுதான். அந்த டிகிரியை எண்ணாகக் காட்டுங்கள். புதுப் பாகம் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் என் செல்போனில் 91, 94, 98 என்று ஓடுகிறது. அதே நேரம் எதிரே உங்கள் முள் நடுவில் தியானத்தில் இருக்கிறது. நான் பயந்துபோவேன் என்று கவலைப்பட வேண்டாம். பில்லையே பார்த்தவன் நான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: சர்வீஸ் திருப்தியா, பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். ஐந்து என்றேன். காரணம் கேட்டார். காரணம் ஒன்றுமில்லை அம்மா, இனி என்ன நடந்தாலும் ஐந்துதான் என்றேன்.