நைட் டியூட்டி பார்க்கும் பூ

நம் வீடுகளில் ஒரு பூச்செடி பாஸாக இரண்டு கேள்விகள்தான். தலையில் வைக்கலாமா? சாமிக்குப் போடலாமா? இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினால், "அப்புறம் எதுக்கு இந்தத் தண்டச் செலவு?" என்று மூன்றாவது கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் எவரும் இல்லை. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் அந்த மூன்றாவது கேள்வியோடுதான் குடும்பம் நடத்துகிறோம்.

ஆர்க்கிட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ரிசப்ஷன் மேடையில் மணமக்களுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் நிற்குமே, அந்த டென்ட்ரோபியம். தாய்லாந்திலிருந்து விமானம் ஏறி வரும்போது வாசனையை மட்டும் எடுத்துவர மறந்த பூ. உலகத்தில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு மொத்த வம்சத்துக்கும் 'அழகு உண்டு, மணம் இல்லை' என்று பட்டம் கட்டிவிட்டோம். அந்தப் பழியைத் துடைக்கத்தான் வேளச்சேரியில் எங்கள் மூன்றாவது மாடி பால்கனிக்கு பிராசவோலா நோடோசா என்ற ஆர்க்கிட்டை வரவழைத்தேன்.

"எந்த ஊர்ப் பொண்ணு மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

மெக்சிகோவில் ஆரம்பித்து, மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வடகோடி வரை பிறந்தகம் என்றேன். கடலோரப் பாறையிலும், பிச்சாவரத்தில் பார்க்கிறோமே, அதுபோன்ற அலையாத்தி மரங்களிலும் தொற்றிக்கொண்டு, உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கி வளர்வது. சென்னையில் குடியேற இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஐரோப்பாவுக்கு முதன்முதலில் போய்ச் சேர்ந்த வெப்பமண்டல ஆர்க்கிட் இதுதான் என்பார்கள்; 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரீபியக் கடலின் குராசோ தீவிலிருந்து ஹாலந்துக்குப் போயிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபெராரா நகரில் இருந்த அந்தோனியோ மூசா பிராசவோலா என்ற டாக்டரின் பெயரைத்தான் இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அத்தையின் காதில் 'டாக்டர்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அன்றிலிருந்து செடிக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

பார்சலைப் பிரித்தபோது அந்த மரியாதை இறங்கிவிட்டது. பென்சில் பருமனில் சில இலைகள், அடியில் வெளுத்த வேர்கள். மண் கிடையாது.

"பாதியைத் திருடிட்டு அனுப்பியிருக்கானுங்க. திருப்பி அனுப்புங்க" என்றாள் மனைவி.

மரத்தில் தொற்றி வாழும் செடிக்கு மண் எமன். வேர்களின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. மழை பெய்ததும் அது தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த வேர் பச்சை, காய்ந்த வேர் வெள்ளி. அந்த நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் போதும். ஓட்டை போட்ட மண்தொட்டியில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டு, அதன் மேல் செடியை உட்கார வைக்க வேண்டும். கரிக்கு எங்கே போவது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன். எதற்கு என்றார். செடிக்கு என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, காசு வேண்டாம் என்றார். வியாதிக்காரர்களிடம் காசு வாங்குவதில்லை போலிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் குழாயே உப்புப் பூத்து நிற்கும். அதை ஊற்றினால் வேர் நுனி கருகும். மழைத் தண்ணீர்தான் உத்தமம். மழை இல்லாத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வழிவது என்பதால் அதில் உப்பு கிடையாது. வாளி வைத்துப் பிடித்தேன். "செடிக்குத் தண்ணி வேணும்னு ஏசி போடுற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி சொன்னாள்.

இத்தனைக்கும் பிறகு பூத்தது. பச்சை கலந்த ஒல்லி இதழ்கள், நடுவில் இதய வடிவத்தில் தூய வெள்ளை. செய்தி பரவி, எதிர் ஃபிளாட் சார் காலை பத்து மணிக்கு வந்து மூக்கைப் பூவுக்குள்ளேயே நுழைத்தார்.

"ஒண்ணும் வரலையே சார். கோவிட் வந்து போனதிலிருந்தே எனக்கு இந்த மூக்கு சரியில்லை."

அவர் மூக்கில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பூ பகலில் மணக்காது. இதன் வாடிக்கையாளர் இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. அதன் நீளமான நாக்குக்கென்றே பூவின் கழுத்துக்குள் ஒரு குழல். இருட்டில் தெரிவதற்கு வெள்ளை நிறம். தூரத்திலிருந்து வழிகாட்ட வாசனை. பகலில் கடை திறந்து வைத்து நஷ்டப்பட அது தயாராக இல்லை. எட்டு மணிக்கு மேல் வாருங்கள் என்றேன். அது அவருக்கு சீரியல் நேரம்.

எங்களுக்கும் சிக்கல்தான். இருட்டினால் வேளச்சேரி முழுக்கக் கொசு. ஜன்னல் மூடியாக வேண்டும். செடிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஏசி ஓட வேண்டும். அதற்கும் ஜன்னல் மூடியாக வேண்டும். ஆக, எங்கள் ஏசியின் தண்ணீரைக் குடித்துவிட்டு அது வெளியே நின்று ஊருக்கெல்லாம் மணந்துகொண்டிருக்க, நாங்கள் உள்ளே கொசுவத்தி வாசனையில் தூங்கினோம்.

நல்லவேளை, ஒரு ராத்திரி கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் பால்கனிக்கு வந்தோம். எலுமிச்சைத் தோலையும் மல்லிகையையும் சேர்த்துக் கசக்கிய மாதிரி ஒரு வாசனை, கொடியில் காய்ந்த துணி வரைக்கும் ஏறியிருந்தது. எதிர் பால்கனி இருட்டிலிருந்து, "யார் வீட்ல சென்ட் பாட்டில் உடைஞ்சுது?" என்று குரல் வந்தது. மூக்கு சரியில்லாதவர்தான்.

அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு முழம் கட்ட எத்தனை செடி வேணும்?" என்றார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை வெயில் நன்றாக விழும் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். நர்சரியில் பட்டப்பகலில் பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, "மணக்கும்னு சொன்னீங்களே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். விற்பவர் சொன்னது நிஜம்தான்.