சத்தக்காரத் தம்பிமாருக்கு ஒரு கிழவன் சொல்லுற புத்தி

தம்பிமாரே, நான் உங்கடை பக்கம்தான். கனடாவிலை மஸ்கோகா ஏரிப் பக்கம் கொட்டேஜ் வைச்சிருக்கிற சனம், போட்டுச் சத்தத்துக்கு டெசிபெல் கணக்கிலை ஒரு எல்லை போடச் சொல்லிக் கேக்குது. நீங்கள் விடமாட்டம் எண்டு நிக்கிறியள். நிக்கத்தானே வேணும்! 1000 குதிரைவலுவைக் காசு குடுத்து வாங்கினவன் அதை ஊருக்குக் கேக்காமல் ஓட்டினால் ஆருக்குத் தெரியப்போகுது? நாங்கள் பருத்தித்துறையிலை 25 குதிரைவலு எஞ்சினை வள்ளத்திலை பூட்டி, மண்ணெண்ணெய் மணக்க மணக்கக் கடலுக்குப் போய் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டனாங்கள். நீங்கள் அதைப்போலை நாப்பது மடங்கை வைச்சு அக்கரையிலை ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வாறியள். அது உங்கடை கெட்டித்தனம், நான் அதிலை குறை சொல்லேல்லை. நீங்கள் வாதாடுற விதம்தான் சரியில்லை. அதாலைதான் வாயைத் திறக்கிறன்.

முதல் வேலையா, "சத்தம் கேட்டால்தானே மற்றவன் விலகுவான், இது பாதுகாப்பு" எண்ட கதையை விடுங்கோ. உங்கடை புகைக்குழாய் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு கிடக்குது. முன்னாலை நீந்திக்கொண்டு நிக்கிறவனைவிட, நீங்கள் தாண்டிப் போன மனிசனுக்குத்தான் அது வடிவாக் கேக்கும். அவன் ஏற்கனவே தப்பிட்டான், பாவம். முன்னாலை நிக்கிறவன் "ஐயோ" எண்டு கத்தினாலும் உங்கடை காதிலை விழாது. இதுக்கெண்டுதான் போட்டிலை ஒரு ஊதல் வைச்சிருக்கச் சொல்லிச் சட்டம் சொல்லுது. கிரேவன்ஹேர்ஸ்ற் துறையிலை செக்வுன் எண்ட நிலக்கரிக் கப்பலைப் பார்த்திருப்பியள். 1887இலை கட்டினது. என்னைவிட மூப்பு, என்னைவிட நல்லா ஓடுது. வெளிக்கிடேக்கை ஒருக்கால் ஊதும், பேந்து தன்ரை பாட்டிலை போகும். அதுக்குப் பாதுகாப்புத் தெரியாது எண்டு சொல்லுவியளோ?

அடுத்தது சட்டம். நான் படிப்பு மட்டு. பேரப்பெட்டை வாசிச்சுச் சொன்னவள். கனடாவின்ரை சிறு கலங்கள் ஒழுங்குவிதியிலை உங்களுக்கு அருமையான ஓட்டையள் கிடக்குது. கரையிலை இருந்து 5 கடல் மைலுக்குள்ளை ஓடினால்தான் நல்லா வேலை செய்யிற சைலன்சர் வேணுமாம். அதுக்கங்காலை தேவையில்லை. மஸ்கோகா, றோசோ, ஜோசப் எண்ட மூண்டு ஏரியிலையும் 5 கடல் மைல் தள்ளி ஒரு இடம் தேடினன். எங்கை போனாலும் ஒரு தீவு இல்லாட்டிக் கரை குறுக்கை வந்து நிக்குது. ஆனால் சுப்பீரியர் ஏரி இருக்குது பாருங்கோ! அங்கை நடுவிலை போய் வேண்டின அளவு முழங்கலாம். ஒரு குருவியும் முறைப்பாடு குடுக்காது. குளிர் கொஞ்சம் கூட, ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான், அது ஒண்டுதான் குறை.

இன்னொரு ஓட்டையும் இருக்குது. 1960க்கு முதல் கட்டின போட்டுக்கு அந்த விதி இல்லை. மஸ்கோகாவிலை டிச்பேர்ன் பட்டறையிலை செய்த பழைய மஹோகனி போட்டுகளை இப்பவும் மெழுகு பூசிப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாங்கள். ஒண்டை வாங்கிச் சட்டத்தோடை கத்திக்கொண்டு போங்கோ. ஆனால் ஒரு விசித்திரம். சத்தம் போட உரிமை உள்ள அந்தப் போட்டுக்காரர்தான் பக்கத்து ஆளோடை கதைச்சுக்கொண்டு போற அளவுக்கு மெல்லமாப் போகினம்.

"சத்தத்தை அளக்கேலாது, பொலிசுக்கு என்ன தெரியும்" எண்டும் சொல்லுறியள். இதையும் பார்த்துக் கதையுங்கோ. ஐரோப்பாவிலை 40 கிலோவாட்டுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 75 டெசிபெல் எண்டு எழுதி, 25 மீற்றர் தள்ளி நிண்டு அளக்கிறாங்கள். அமெரிக்காவிலை நியூயோர்க் மாநிலத்திலையும் கரையிலை நிண்டு அளக்க ஒரு முறை இருக்குது. அதாலை அளக்கேலாது எண்டு சொல்லாதையுங்கோ. "சரி, அளவுங்கோ, ஆனால் ஒரு 10 டெசிபெல் மட்டும் கூட்டித் தாங்கோ" எண்டு கேளுங்கோ. 10 எண்டால் என்ன, கைவிரல் எண்ணிக்கை. சத்தத்தின்ரை சக்தி அதுக்கு 10 மடங்காகும், காதுக்கு ரண்டு மடங்காக் கேக்கும் எண்டது கேக்கிறவைக்குச் சட்டெண்டு ஓடாது. கூட்டத்திலை பௌதிகம் படிச்ச பிள்ளை ஒண்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் காணும்.

ஆரும் விண்டமியர் கதையை எடுத்தால் மட்டும் பேச்சை மாத்துங்கோ. இங்கிலாந்திலை பெரிய ஏரி அதுதான். 1930இலை சேர் ஹென்றி செக்ரேவ் தண்ணியிலை உலக வேகச் சாதனை வைச்சு, அதே நாள் அடுத்த ஓட்டத்திலை அடிபட்டு உயிரை விட்ட இடம். அப்பிடிப்பட்ட ஏரியிலை மணிக்கு 10 கடல் மைலுக்கு மேலை ஓடேலாது எண்ட விதிக்கு 2000இலை அனுமதி குடுத்தாங்கள். போட்டுக்காரர் வியாபாரம் படுத்திடும் எண்டு குழறினவை. பழகிக்கொள்ளட்டும் எண்டு அஞ்சு வருசம் தவணை விட்டு, 2005இலை நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்கள். சனத்தை ஏத்தி இறக்கிற உல்லாசப் போட்டுகள் இண்டைக்கும் அங்கை ஓடுது. இது உங்கடை வாதத்துக்கு உதவாது, விடுங்கோ.

இப்ப எனக்கு விளங்காத ஒண்டு. உங்களிலை கனபேரின்ரை போட்டிலை ஒரு சுவிச் இருக்குதாம். ஒரு பக்கம் தட்டினால் புகை தண்ணிக்குள்ளாலை போகும், சத்தம் அடங்கும். மற்றப் பக்கம் தட்டினால் தண்ணிக்கு மேலாலை வெளியாலை வரும், ஏரி அதிரும். எஞ்சினும் அதேதான், போறவனும் அவன்தான். தன்ரை வீட்டுத் துறைக்கு வரேக்கை, உள்ளை பிள்ளை நித்திரை எண்டு மெல்லத் தட்டி அடக்கிறான். அடுத்தவன்ரை துறையைத் தாண்டேக்கை திரும்பத் திறக்கிறான். கோயில் திருவிழாவிலை ஒலிபெருக்கிக் குழாயைத் தன்ரை வீட்டுக்குப் புறம் காட்டிக் கட்டுற உபயகாரர் ஊரிலை இருந்தவை. அவையின்ரை பரம்பரை இஞ்சை வரைக்கும் வந்திட்டுது எண்டு எனக்கு ஒரு பெருமைதான்.

எனக்கும் ஒரு சுவிச் இருக்குது, தம்பி. காது மிசின். நீங்கள் வாற நேரம் கழட்டி மேசையிலை வைச்சிடுவன். மனிசிக்குத்தான் அது இல்லை. லூன் பறவைக்கும் இல்லை. 1987இலை இருந்து டொலர்க் குத்தியிலை இருக்கிற பறவை அது. கால் உடம்புக்குப் பின்னாலை கிடக்கிறதாலை தரையிலை நடக்கத் தெரியாது. அதாலை தண்ணி விளிம்பிலையே கூடு கட்டிக் குந்தியிருக்கும். பொழுதுபட அது ஒரு நீளக் கூவல் கூவும். அந்த நேரம் தண்ணி கிட்டக் காத்துக் குளிர்ந்து, மேலை சூடாக் கிடக்கும். சத்தம் மேலை போய்க் கலையாமல் வளைஞ்சு தண்ணியோடையே ஓடும். லூனின்ரை கூவல் அக்கரைக்குப் போறது அதாலைதான். உங்கடை எஞ்சினும் அதே வழியாலைதான் வருது. எதிர்க்கரையிலை இருக்கிறவன் "பக்கத்திலை நிண்டு ஓட்டினாங்கள்" எண்டு முறைப்பாடு குடுத்தால் அவனைப் பொய்யன் எண்டு சொல்லாதையுங்கோ.

கடைசியா ஒரு உபாயம். அடுத்த எதிர்ப்புக் கூட்டத்தைச் சனசமூக நிலையத்திலை வைக்காதையுங்கோ. போட்டுத்துறையிலை வையுங்கோ. எல்லாரும் அவரவர் போட்டிலை ஏறி, சுவிச்சை மேலாலை தட்டி, எஞ்சினை முறுக்கி வைச்சுக்கொண்டு உங்கடை நியாயத்தைச் சொல்லுங்கோ. தலைவர் என்ன சொன்னவர் எண்டு ஒருத்தருக்கும் கேக்காது. அதாலை தீர்மானமும் ஏகமனதாத்தான் நிறைவேறும்.